பாஸ்க் நாட்டு நீரரமகளிர்

ஐரோப்பாவின் தென்மேற்கே, பிரனீஸ் மலைத்தொடர் பிஸ்கே விரிகுடாவை நோக்கித் தாழ்ந்திறங்கும் இடத்தில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் பங்குபட்டுக் கிடப்பது பாஸ்க் மக்களின் நாடு. அம்மக்கள் பேசும் எயுஸ்கரா மொழி, இன்று வழங்கும் எம்மொழியோடும் உறவு நிறுவப்பெறாது தனித்து நிற்பது. மொழி இத்துணைத் தொன்மையதாயின், அதில் வழங்கும் தெய்வக் கதைகளும் அத்துணைத் தொன்மையனவாதல் வேண்டும் என்று கருதுதல் எளிது. அவ்வாறு கருதினோரும் உளர். அக்கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்தற்கு, அந்நாட்டு ஆறுகளிலும் சுனைகளிலும் குகைகளிலும் உறைவதாகச் சொல்லப்படும் லாமியா என்னும் நீரரமகளின் கதைகள் ஏற்ற சான்றாகும்.

லாமியா உருவத்தால் அழகிய பெண். நீர்க்கரைப் பாறைமீதமர்ந்து பொற்சீப்பினால் தன் நெடுங்கூந்தலை வாரிக்கொண்டிருப்பாள். ஆயின், காலைக் கண்டவுடன் அவள் மானிட மகளல்லள் என்பது வெளிப்படும். பல ஊர்களில் அவளுக்கு வாத்தின் கால், சிலவிடங்களிற் கோழிக்கால், வேறு சிலவிடங்களில் ஆட்டுக்கால். கடலோரத்தாரோ மீன்வாலையே அளித்துவிட்டனர். பிரான்சைச் சேர்ந்த வடபகுதியில் இவ்வினத்தில் ஆண்பாலாரும் உளர் என்பர். சீப்பைக் கவர்ந்தவனின் வாயிலில் வந்து நின்று, அதனைத் தாராவிடின் உன் குலத்தை அறுப்பேன் என்று அவள் அச்சுறுத்தும் கதை பல ஊர்களில் உண்டு.

எனினும், அவளைக் கொடியவள் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. உழவர் இரவிலே ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் அப்பிள் மதுவும் நீர்க்கரையில் வைத்து மீள்வராயின், பொழுது புலர்வதற்குள் வயல்வேலை முடிந்து கிடக்கும். மகப்பேற்றுக் காலத்தில் அவள் ஊர் மருத்துவிச்சியை அழைப்பித்துக் கைம்மாறும் நல்குவாள். தெய்வத்தை மனிதர் வேண்டுதல் எங்குமுள்ளது. மனிதரது உணவையும் உதவியையும் தெய்வமே வேண்டி நிற்றல் இக்கதைகளின் தனிச்சிறப்பு.

மொந்திராகோன் நகரை அடுத்த சிற்றூரொன்றிற் சொல்லப்பட்ட கதை இவற்றுள் மிகத் துயரமானது. பண்ணைவீட்டு இளைஞன் ஒருவன் குகையருகே ஒரு மங்கையைக் கண்டு காதலித்து, மணமுடிக்கவும் உடன்பட்டு மோதிரம் பெற்றான். செய்தியறிந்த தாய், முதலில் அவள் காலைப் பார்த்து வா என்றாள். பார்த்தான், வாத்தின் கால். வீடு திரும்பியவன் நோயுற்றுப் படுத்து மாண்டான். அவனது இறுதி ஊர்வலத்தின் பின்னே லாமியாவும் நடந்து வந்தாள். தேவாலய வாயில் வரை வந்தாள். உள்ளே புக அவளால் இயலவில்லை. வாயிலில் அவள் நின்றுவிட்ட இவ்விடமே வரலாற்றாசிரியன் ஊன்றி நோக்கற்பாலது. கதையைச் சொன்னோர் கிறித்தவர். அவளை நரகத்துப் பேயென்று அவர்கள் பழிக்கவில்லை. துக்கம் காக்க வந்தவளாகவே காட்டினர். ஆயினும், அவளுக்குரிய எல்லை எதுவென்பதையும் அறிந்திருந்தனர்.

இனி, பெயரை நோக்குவோம். லாமியா என்பது எயுஸ்கராச் சொல்லன்று. கிரேக்கக் கதையில் லாமியா லிபியா நாட்டு அரசி. ஈரா தேவியின் பொறாமையாற் பிள்ளைகளை இழந்து, பிறர் பிள்ளைகளைக் கொன்று தின்னும் பூதமானவள். அப்பெயர் இலத்தீன் வழியாக மேற்கே பரவியது. ஐபீரியத் தீபகற்பத்தின் வடமேற்கில், பிராகா நகரின் ஆயரான மார்ட்டின் 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாட்டுப்புறத்தாரைத் திருத்துதற்கென எழுதிய உரையொன்றில், கடலில் நெப்டியூனையும் ஆறுகளில் லாமியாக்களையும் ஊற்றுகளில் நிம்பாக்களையும் காடுகளில் டயானாக்களையும் மக்கள் வழிபடுவதாகக் கூறிக் கண்டிக்கிறார். பிராகா பாஸ்க் நாட்டிற்குத் தொலைவிலுள்ளது என்பது மெய்யே. ஆயினும், பிள்ளைதின்னி என்னும் பொருள் மறைந்து ஆற்றுத் தெய்வம் என்னும் பொருள் அக்காலத்திலேயே தீபகற்பத்தில் வேரூன்றியிருந்தமை இதனாற் பெறப்படும். 681இலும் 693இலும் தொலேதோவிற் கூடிய சங்கங்கள் ஊற்றுக்களையும் மரங்களையும் வழிபடுவோரைக் கண்டித்தமையும் ஈண்டு நினைத்தற்குரியது. கண்டனம் மீண்டும் மீண்டும் எழுவது, கண்டிக்கப்பட்ட வழக்கம் ஒழியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஆகவே, தீண்டப்படாத பழஞ்சமயத்தின் எச்சம் இஃது என்னும் கொள்கை நில்லாது. அதுகொண்டு, எல்லாம் உரோமரிடம் பெற்ற கடன் என முடிப்பதும் அவசரமே. கடனாக வந்தது பெயர். நீர்நிலைதோறும் ஒருத்தி உறைகின்றாள் என்னும் நம்பிக்கைக்கு உரோமரின் வருகை வேண்டியதில்லை. இதற்கு இடப்பெயர்கள் துணைசெய்யும். லாமினாபுட்சு என்பது லாமியாவின் கிணறு. லாமின்யோசின் என்பது லாமியாவின் மடு. முன்னதில் ‘புட்சு’ என்ற சொல்லும் இலத்தீனிலிருந்து வந்ததே! எயுஸ்கராவில் முதல் அச்சுநூல் 1545இற்றான் வெளிவந்தது. ஆதலின் இத்தகைய பெயர்கள் ஏட்டுச் சான்றின் குறையை ஓரளவு நிரப்புகின்றன.

லாமியாக்கள் கட்டடக் கலையிலும் வல்லவர். சூல் பகுதியிலுள்ள லிக் என்னும் ஊரின் பாலத்தை ஒரே இரவிற் கட்டித்தர அவர்கள் உடன்பட்டனராம்; கூலி அவ்வூரின் அழகிய கன்னி. கடைசிக் கல்லை வைக்கும் வேளையில், அவளுடைய காதலன் சேவலை எழுப்பிக் கூவச்செய்தான். விடிந்ததென்று அஞ்சிய லாமியாக்கள் கல்லை ஆற்றில் எறிந்துவிட்டு ஓடினர். அவ்விடத்தை நிரப்ப எவராலும் இயலவில்லை என்பர். அவர்கள் நாட்டை விட்டே நீங்கியதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு. மலைகளிற் சிற்றாலயங்கள் எழுந்தன, மணிகள் ஒலித்தன, அவர்கள் போய்விட்டனர். புதுச் சமயம் வேரூன்றிய நெடுங்கால நிகழ்ச்சியை ஊரார் நினைவு இவ்வளவிற் சுருக்கிவைத்துள்ளது.

இக்கதைகள் ஏடேறிய வரலாறும் அறியத்தக்கது. 1875 முதல் 1882 வரை இவற்றைப் போ நகரில் வெளியிட்ட செர்க்கான் ஒரு கல்வி அதிகாரி. ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களைக் கொண்டே கதைகளைத் திரட்டினார். பிரெஞ்சு மொழியைப் பரப்புதற்கென அமர்த்தப்பட்ட ஆசிரியர்களே எயுஸ்கராக் கதைகளைக் காத்துத் தந்தமை வியப்பே. 1877இல் வெப்ஸ்டர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தமது தொகுப்பை லண்டனில் வெளியிட்டார். இவர்கள் எல்லாரினும் மேம்பட்டவர் அத்தவுன் ஊரிற் பிறந்த பராந்தியாரன் (1889–1991). கத்தோலிக்கக் குருவாகிய அவர், தம் சமயம் விரட்டிய தெய்வங்களின் கதைகளை ஊரூராகச் சென்று குறித்துக்கொண்டார். உள்நாட்டுப் போரால் 1936இல் நாட்டைவிட்டு நீங்கி, 1953 வரை பிரெஞ்சுப் பகுதியில் வாழ்ந்தபோதும் அப்பணியை விடவில்லை. கதை சொன்ன ஊரையும் வீட்டையும் பதிந்துவைத்தமையே அவரது தொகுப்பின் பெருமதிப்பு.

பில்பாவோ நகரின் கீழே, நெர்வியோன் ஆற்றுக் கழிமுகத்தின் வலக்கரையில், லெயோவா ஊர் எல்லையுள் லாமியாக்கோ என்றோரிடம் உண்டு. ஆற்றோரச் சதுப்பாயிருந்த அவ்விடத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1995இல் திறக்கப்பட்ட நகர இருப்புப்பாதையின் நிலையம் ஒன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.