கரையோர வேடர்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், பாசிக்குடாவுக்கு வடக்கே வாகரைப் பக்கத்து ஊர்களில் வாழும் தொல்குடியினர். பேச்சுமொழி தமிழ். மீன்பிடியும் தேனெடுப்பும் சேனைப்பயிரும் இவர்களுக்குக் கைவந்த தொழில்கள். மூதாதையரைச் சடங்கு செய்து வழிபடுகின்றனர். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் ஆய்வுநூலிலும் கரையோரத்தாருக்கு இடமுண்டு.

வேடர் என்றதும் பலருக்கு நினைவில் வருவது உள்நாட்டு வேடர் ஊரான தம்பானைதான். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அங்குள்ளோர் வேட்டைக்காட்டை இழந்தனர். அவர்களின் தலைவர் ஊருவரிகே திசாஹாமி காட்டைவிட்டு வெளியேற மறுத்தார். அந்தச் சர்ச்சை உலகச் செய்தியானது. உள்நாட்டு யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் அலைக்கழிந்த கரையோரத்தாருக்கு அந்தக் கவனம் கிட்டவில்லை.

வேடர் போன்ற தொல்குடியினரின் உரிமைகளைப் பேசும் ஐ.நா. பழங்குடியினர் உரிமைப் பிரகடனத்தை 2007இல் இலங்கை ஆதரித்து வாக்களித்தது. ஆனால், ஏற்கும் அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதான, பழங்குடியினர் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை அது ஏற்கவில்லை.