பாகப்பிரிவினைக் கணிதமும் வல்லத்துப் பிள்ளையும்

மதுரை வட்டாரத்து அரபிக் கல்லூரிகளில் ‘ஃபராயிள்’ எனும் வாரிசுரிமைக் கலையை ஓதும் மாணவர்கள், இரண்டு எண்களுக்கிடையிலான நான்கு உறவுகளை மனனம் செய்வர்: தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன். இறுதியான தபாயுன்தான் கணித நூலார் ‘சார்பகா எண்கள்’ என்பது; ஒன்றைத் தவிர வேறு பொதுவகுத்தி இல்லாத இணை. வாய்பாடாக ஒப்புவித்துவிட்டு நாம் இதனைக் கடந்துவிடுகிறோம். அது இழப்பே.

திருமறை வகுத்த பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. இவற்றிலிருந்து எழும் மூல எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24. இரண்டும் மூன்றுமன்றி வேறெந்தப் பகா எண்ணும் இவற்றுள் புகவில்லை. பங்குகளின் கூட்டுத்தொகை மூலத்தை விஞ்சினால் ‘அவ்ல்’ முறையில் மூலத்தை உயர்த்துவர். 6 ஆனது 7, 8, 9, 10 வரையிலும், 12 ஆனது 13, 15, 17 ஆகவும், 24 ஆனது 27 ஆகவும் உயரும். மனைவி, இரு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால் 3+16+4+4=27. மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாயிற்று என்று அலீ (ரலி) அவர்கள் மின்பரில் நின்றவாறே தீர்ப்பளித்ததாக அறிவிக்கப்படுகிறது. ‘மின்பரிய்யா’ என்ற பெயர் அதனால் வந்தது.

உயர்ந்த எண்களுள் 8, 9, 27 ஆகிய மூன்று மட்டுமே இரண்டு, மூன்றின் எல்லைக்குள் நிற்கின்றன. 6+2=8, 6+3=9, 24+3=27 என்பவற்றைப் பொதுவகுத்தியால் சுருக்கினால் 3+1=4, 2+1=3, 8+1=9 எனச் சார்பகா எண்களின் கூட்டல்களாகின்றன. 1+1=2 என்ற எளிய கூட்டலைச் சேர்த்தால், இவ்வகையில் வேறு கூட்டலே கிடையாது! பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த யூத அறிஞர் லெவி பென் கெர்சோன் 1343இல் இதனை நிறுவினார். அவரிடம் வினா வந்தது இசைக்கலையிலிருந்து. நம் ஃபகீஹ்களுக்கோ கைம்பெண்ணின் பங்கிலிருந்து.

இவ்வினாவை விரித்தெடுத்தவர் நம் தென்பாண்டிச் சீமையினரே என்பதைப் பலர் அறியார். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சி. பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், சார்பகா எண்கள் இரண்டின் அடுக்குகளிடையே போதிய அளவு பெரிய ஒரு வித்தியாசம் ஒரு முறைக்கு மேல் வாராது என 1936இல் காட்டினார். எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும், அதைத் தரும் முழு அடுக்கு இணைகள் எண்ணிக்கையில் முடிவுடையனவே என்ற ஊகத்தை அலிகரில் கூடிய இந்தியக் கணிதக் கழக மாநாட்டில் முன்வைத்து, 1945இல் அச்சேற்றினார். 1950 ஆகஸ்டில், ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் மறைந்தார்.

வித்தியாசம் 1 ஆயின் 8, 9 ஒன்றே இணை என்பதை மிஹைலெஸ்கு 2002இல் நிறுவினார். 25, 27 என நிற்கும் 2 என்ற வித்தியாசத்துக்கோ இன்றளவும் நிறுவல் இல்லை.