காற்று நுழையாத சாளரம்

ஜன்னலுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் கண்ணையோ காற்றையோ நினைத்துத்தான் வைத்தார்கள். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காலதர் காற்று வரும் வழி. பலகணிக்குப் பல கண்கள். சிலப்பதிகாரத்தில் சாளரத்தின் சிறு கண்கள் வழியே தென்றல் வண்டுகளோடு வீட்டுக்குள் வருகிறது. பழைய நார்ஸ் மொழியில் காற்றுக்கண் என்று பொருள்படும் சொல்தான் ஆங்கிலத்தில் விண்டோ ஆயிற்று. போர்ச்சுக்கீசிய ஜனெலா நம்மிடம் ஜன்னலாகி வீடுகளில் நிலைத்துவிட, சாளரம் ஏட்டில் கிடந்தது. மென்பொருளைத் தமிழாக்கியவர்கள் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சில் என்னவோ இன்றும் 'விண்டோ'தான்.

1963-இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற கணினி வரைதல் நிரலில் வரைதாள் திரையைவிடப் பெரியது; திரையில் தெரிவது அதன் ஒரு பகுதி. அந்த அளவில் ஜன்னல் என்ற பெயர் பொருந்தும். 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினரின் ஸ்மால்டாக் நிரலாக்கச் சூழலில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அங்கே பெயரும் பொருளும் பிரிந்தன என்பேன். மேசைமேல் கிடக்கும் தாள்தான் இன்னொன்றை மறைக்கும், சுவரிலுள்ள ஜன்னல் மறைக்காது. 1985-இல் வந்த விண்டோஸ் 1.0-இல் நிரல்களின் சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன; மேலேறியது 1987-இன் 2.0-இல்.

ஒன்றை ஒன்று மறைக்கத் தொடங்கியதும் யார் மேலே, யார் யாரோடு போவது என்ற கேள்வி வந்தது. வீட்டுச் சொல் போதாமல் உறவுச் சொல்லைத் தேடினார்கள். விண்டோஸில் இந்த உறவு இரண்டு வகை. சேய்ச் சாளரம் தாயின் எல்லையைத் தாண்டாது. வெளியே இழுத்தால் அந்தப் பகுதி வெட்டுப்படும். மற்றொன்று உடைமை உறவு. பழைய நோட்பேடில் 'தேடு' பெட்டியைத் திறந்து பாருங்கள். அதை நோட்பேடுக்கு வெளியே எங்கும் நகர்த்தலாம், ஆனால் அதற்கு அடியில் தள்ள முடியாது. நோட்பேடைச் சுருக்கினால் பெட்டியும் மறையும், மூடினால் அதுவும் போய்விடும். இதையும் தாய்-சேய் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. உடையவர், உடைமை என்பதே சரி.

இந்தக் கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பது கிம்ப் பட மென்பொருளைப் பழைய பதிப்புகளில் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். படம் ஒரு சாளரம், கருவிப்பெட்டி ஒன்று, அடுக்குகளின் பட்டியல் இன்னொன்று. சாளரங்களை அடுக்கிவைக்கும் சாளர மேலாளர் நிரல் ஒத்துழைக்காவிட்டால் படத்துக்கும் தூரிகைக்கும் நடுவே உலாவி வந்து உட்கார்ந்துகொள்ளும். 2012-இல் 2.8 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கும் ஒற்றைச் சாளர முறையைத் தந்தது, 2018-இன் 2.10-இல் அதுவே இயல்பு முறையானது. பழைய பழக்கம் விடாதவர்கள் 'விண்டோஸ்' மெனுவில் ஒற்றைச் சாளர முறைக்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும், எல்லாம் மறுபடி தனித்தனியாகப் பிரிந்துவிடும்.