அரைப்பென்னியும் அரசர் சட்டமும்

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இங்கிலாந்தின் வரலாறென்று யாம் மனனம் செய்தவை அரசர் பட்டியலும் போர்களின் ஆண்டுகளுமே. அந்நாட்டுக் கூலியாள் வேலை முடித்து வந்தபின் மாலைப்பொழுதை எவ்வாறு கழித்தான் என்பதை எமக்கு எவரும் சொல்லவில்லை. அதனைச் சொல்ல வல்லவை, அங்குள்ள மதுக்கடைகளில் எஞ்சியிருக்கும் கைவேலை விளையாட்டுப் பொருள்களாகும்.

அவற்றுள் ஒன்று அரைப்பென்னி தள்ளும் பலகை. வழவழப்பான மரத்திலோ சிலேட்டுக் கல்லிலோ குறுக்குக் கோடுகள் கீறி, ஒன்பது கட்டங்கள் அமைத்திருப்பர். காசின் விட்டம் ஓர் அங்குலம். கட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம். பலகையின் விளிம்பில் காசை வைத்து உள்ளங்கையால் தட்டித் தள்ளவேண்டும். கோட்டைத் தொடாது கட்டத்துள் கிடந்தாலே கணக்கு. ஒரு முறைக்கு ஐந்து காசுகள்; கட்டத்திற்கு மூன்று வீதம் முதலில் நிரப்பியவர் வென்றவராவார். சஸெக்ஸ் வட்டாரத்திலோ, ஈயத் தகடு போர்த்த மேசையின் துளைக்குள் பித்தளை வில்லைகளை வீசுவர். துளையில் விழுந்தால் இரண்டு, மேசைமேல் நின்றால் ஒன்று. ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் கம்பத்தின்மேல் நிற்கும் மரப்பொம்மையை ஆறு தடிகளால் எறிந்து வீழ்த்துவர்.

எளியோரின் இவ்வின்பத்தையும் அரசு விட்டுவைத்ததா? எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1541ஆம் ஆண்டுச் சட்டம், விற்பயிற்சி குன்றுகிறது எனக் குறைகூறி, குரோட்டுக் காசு தள்ளுவதையும் அதற்குக் காரணமான புதிய ஆட்டங்களுள் ஒன்றாகப் பெயர் சுட்டியது. அரைப்பென்னி ஆட்டத்தின் முன்னோடி அதுவே. கைவினைஞரும் கூலியாட்களும் பணியாட்களும் தடுக்கப்பட்ட ஆட்டங்களைக் கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டுமே, அதுவும் எசமானர் வீட்டிலோ அவர் முன்னிலையிலோ ஆடலாம். மீறினால் 20 ஷில்லிங் தண்டம். செல்வர்க்கோ இத்துணைக் கட்டுப்பாடு இல்லை.

ஆயினும் ஆட்டம் அழியவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியிலேயே ஷேக்ஸ்பியர் தம் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் தள்ளாட்டக் காசை உவமையாக எடுத்தாண்டார். திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கிருந்த தடையை 1845ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. வில்லோ அதற்கு நெடுங்காலம் முன்னரே போர்க்களத்தை விட்டு அகன்றுவிட்டது.

பழைய அரைப்பென்னி 1969இல் செல்லாக் காசாயிற்று. கடையில் அதற்கு ஒரு பொருளும் கிடைக்காது. ஆனால் ஒரு பக்கம் தேய்த்து வழவழப்பாக்கிய அதே காசுகள் பலகைமேல் இன்றும் வழுக்கி ஓடுகின்றன. ஆசிரிய நண்பர்களே, எட்டாம் ஹென்றியைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில், அவன் ஆணைக்குப் பின்னும் ஆடிய அக்கூலியாளையும் மாணவர்க்கு அறிமுகம் செய்யுங்கள்.