மருந்தும் வாக்குமூலமும்

எங்கள் பக்கத்தில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்கு 'மருந்து' என்றுதான் பெயர். மருந்து ரூம், மருந்து கலக்குறவன், மருந்து அடைக்கிறவள் என்று சொல்லியே வளர்ந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்துதான். என் சின்னம்மாவுக்கு இரண்டும் தெரியும். சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் பத்து வருசம் மருந்து அடைத்தாள். பக்கத்து ரூம் வெடித்த அன்று தண்ணி குடிக்க வெளியே வந்திருந்தாள். உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. அதனால் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் ஏறவில்லை.

அதற்கப்புறம் குக்கர் விசிலடித்தால் தெருவுக்கு ஓடினாள். கந்தக வாடை அடிக்குதென்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தாள். தீபாவளி வந்தால் ஊரைவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விடுவாள். 'பயந்துட்டா' என்று திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். 'என்னத்தப் பாத்த?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்பதும் ஒரு வைத்தியம்தான். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றிலும் மேல் கீழ் இருக்கிறது.

1902-ல் நீலகிரியில் தொதவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். முதல் உலகப் போரில் குண்டதிர்ச்சியால் நிலைகுலைந்த சிப்பாய்களைப் பற்றி மையர்ஸ் 1915-ல் எழுதினார். அப்படி நிலைகுலைந்தவர்களுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் ரிவர்ஸ் வைத்தியம் பார்த்தார். 'மறந்துவிடு' என்று சொல்வது நோயை வளர்க்கும், நடந்ததைப் பேசவிட வேண்டும் என்பது அவர் கண்டது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்கானது. அதே காலத்தில் லண்டனில் யெலண்ட் என்ற மருத்துவர், வாய்பேச முடியாமல் போன சாதாரணச் சிப்பாய்க்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். அதிகாரிக்குப் பேச்சு, சிப்பாய்க்கு ஷாக். இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதா என்ன?

இதை உடைத்ததில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும் பங்குண்டு. வியத்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் 1970-ல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். லிஃப்டன், ஷாட்டன் என்ற மருத்துவர்களையும் அழைத்து உட்கார வைத்தார்கள். அவர்களும் மற்றவர்களும் விடாமல் போராடியதில், 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' ஏறியது. ஈழத்துத் தமிழர் இந்தக் காயத்தை 'மனவடு' என்கிறார்கள். நல்ல சொல்.

அதற்குப் பின் முறைகள் வந்தன. ஃபோவா என்ற பெண் உளவியலாளர் வகுத்த முறையில், பாதிக்கப்பட்டவர் நடந்ததைக் கண்மூடி மறுபடி மறுபடி சொல்கிறார். தவிர்த்து வந்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறார். நினைவு வேறு, ஆபத்து வேறு என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ரெசிக் வகுத்த முறை 'என்னாலதான் செத்தாங்க' என்பது போன்ற எண்ணங்களை எடுத்துவைத்து விசாரிக்கிறது. பேச்சு என்றால் எந்தப் பேச்சும் ஆகாது. சம்பவம் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டி. முதல் மாதத்தில் தூக்கத்துக்கென்று பென்சோடயசெபின் வகை மாத்திரை கொடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது.

நம் பூமிக்கு வருவோம். 1991 ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில்; காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அதில் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு முறையும் எரிந்த உடம்புக்குச் சதவீதம் போடுகிறார்கள். பார்த்துக்கொண்டு நின்றவளுக்குச் சதவீதம் கிடையாது.

பேசவே விடவில்லை என்று சொல்ல முடியாது. போலீஸ் கேட்கிறது, தாசில்தார் கேட்கிறார், நிருபர் மைக்கை நீட்டுகிறார். தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொள்கிறார். அது மரண வாக்குமூலம். பட்டாசு ஆபீசுக்குப் போன சேரிப் பெண் பேசியதை அரசு அவ்வளவு கவனமாகக் கேட்பது, அவள் சாகும்போது மட்டும்தானா? இந்த வாக்குமூலங்கள் எல்லாம் கோப்புக்குப் போகின்றன. சொன்னவளிடம் திரும்பி வருவதில்லை.

திரும்பிக் கொடுக்கும் வைத்தியம் உண்டு. பினோசே ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களின் சாட்சியத்தை எழுதி, திருத்தி, அவர்கள் கையிலேயே கொடுப்பது சிகிச்சையாகிறது என்று சிலி நாட்டு உளவியலாளர்கள் 1983-ல் புனைபெயரில் எழுதினார்கள். அந்த வழியில் வந்ததுதான் கதைசொல் சிகிச்சை. ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல் வைத்துப் பிறந்ததிலிருந்து வாழ்க்கையைச் சொல்லச் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஆறு அமர்வு, கேட்டவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். கதை சொன்ன பிள்ளைகளும் தேறினார்கள், தியானம் பழகிய பிள்ளைகளும் தேறினார்கள். உத்தரப்பிரதேசத்தில் வாரணாசியை மையமாகக் கொண்ட மனித உரிமை அமைப்பு ஒன்று, போலீஸ் சித்திரவதைக்கு ஆளானவர்களின் சாட்சியத்தை எழுதி, ஊர் கூடிய இடத்தில் வாசித்து, மரியாதை செய்து அவர்களிடமே ஒப்படைத்தது.

இம்மாதிரிப் பத்திரிகையில் சாட்சியம் எழுதும் நாம் இதை யோசிக்க வேண்டும். நாம் பதிவு செய்கிறோம், அச்சடிக்கிறோம். சொன்னவளிடம் வாசித்துக் காட்டினோமா? ராத்திரி அவள் தூங்கினாளா என்று கேட்டோமா? நான் வைத்தியன் இல்லை. ஒரு நாள் சின்னம்மாவிடம் நோட்டோடு உட்கார்ந்தேன். தண்ணிக் குடம் வரை சொன்னாள். 'போதும்டா' என்றாள். மூடிவிட்டேன். அதற்கு மேல் கேட்கப் பயிற்சி வேண்டும்.

2017-ன் மனநலச் சட்டம், அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறுவதை எல்லோருக்கும் உரிமை என்கிறது. ஆகவே கேட்போம். நட்ட ஈட்டுப் பட்டியலில் உயிரோடு வெளியே வந்தவர் பெயரும் ஏற வேண்டும். சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் கேட்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். 'அய்யா' என்று எழுந்து நின்று பேச வேண்டியவராக அவர் இருக்கக்கூடாது. எங்கள் தெருப் பெண்களுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுக்கட்டும். சின்னம்மாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. அரைப்பக்கம்தான் எழுதியிருக்கிறது.