வேட்டைக்கு மட்டும்

அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வேட்டையாடப் போகிறவர் 200 தோட்டாக்கள் வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுபோகலாம். துப்பாக்கிக்குத் தனிப் படிவம், அதற்கொரு கட்டணம், எல்லைச் சாவடியில் ஒரு கையெழுத்து. எதுக்காகக் கொண்டுபோறீங்க என்று கேட்பார்கள். வேட்டைக்கு என்று சொன்னால் அது செல்லுபடியாகும் பதில். இந்தக் கேள்வி அந்த எல்லையில் எப்போதிலிருந்து கேட்கப்படுகிறது என்று தேடப்போய், 1876 டிசம்பர் மாதப் பனியில் போய் நின்றேன்.

இடம் வுட் மவுன்டன். இன்றைய சாஸ்கச்சவான் மாநிலத்தின் தென்கோடி, எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே. அந்த எல்லையே அப்போது புத்தம் புதுசு. 49ஆம் அட்சக்கோடுதான் எல்லை என்று 1818இலேயே காகிதத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் 1872 முதல் 1874 வரை நில அளவைக்காரர்கள் வந்து மண்ணையும் கல்லையும் குவித்து மேடு மேடாக அடையாளம் வைத்த பிறகுதான் புல்வெளியில் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அந்த மேடுகளைத் தாண்டினால் துரத்திவரும் அமெரிக்கப் படை அப்படியே நின்றுவிடுகிறது என்பதைப் பழங்குடிகள் கவனித்தார்கள். அதற்கு 'மந்திரக் கோடு' என்று பெயர் வந்தது.

அந்த டிசம்பரில் கோட்டைத் தாண்டி வந்திருந்தவர்கள் லகோட்டாக்கள். ஆறு மாதத்துக்கு முன், ஜூன் 25 அன்று, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டரையும் அவர் நேரடித் தலைமையில் போன வீரர்களையும் ஒருவர் மிச்சமில்லாமல் கொன்றவர்கள். வடமேற்குக் குதிரைப் போலீஸின் அதிகாரி ஜேம்ஸ் வால்ஷ் எடுத்த கணக்கில் ஆண்கள் 500, பெண்கள் 1000, குழந்தைகள் 1400, குதிரைகள் 3500, கூடவே அமெரிக்க அரசு முத்திரை குத்திய கோவேறு கழுதைகள் 30. இந்தக் கணக்கில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது குழந்தைகளின் எண்ணிக்கையைத்தான். உலகத்தின் பத்திரிகைகள் 'போர்க்கூட்டம்' என்று எழுதிக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதி பேர் குழந்தைகள்.

அவர்கள் வால்ஷிடம் கேட்டது நிலம் இல்லை, ரேஷன் இல்லை. தோட்டா. கையில் வெடிமருந்து தீர்ந்துபோய், காட்டெருமையைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்தும், கம்பின் நுனியில் கத்தியைக் கட்டிக் குத்தியும் கொன்றுகொண்டிருந்தார்கள். பனிக்காலத்தில் மெலிந்த குதிரையின் மேல் உட்கார்ந்து, பல நூறு கிலோ எடையுள்ள மிருகத்தைக் கத்தியால் குத்துவது என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

வால்ஷ் உள்ளூர் வியாபாரி ஜான்-லூயி லெகாரேவுக்கு அனுமதி கொடுத்தார். கொஞ்சமாக விற்கலாம், வேட்டைக்கு மட்டும். கோட்டுக்குத் தெற்கே சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு ரவைகூடப் போகக் கூடாது. லகோட்டாத் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் சிட்டிங் புல் சுமார் ஆயிரம் பேருடன் வந்து சேர்ந்தபோதும் இதே நிபந்தனைதான்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. பழைய முன்வாய்த் துப்பாக்கி என்றால் கருமருந்து தனி, ஈயக்குண்டு தனி, கேப்பு தனி. ஆனால் 1870களில் உலோகத் தோட்டா வந்துவிட்டது. வின்செஸ்டர் 1866 மாதிரித் துப்பாக்கியின் தோட்டாவில் வெடிக்கும் ரசாயனம் அடிவிளிம்புக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை சுட்டால் அந்தக் கூட்டை மறுபடி பயன்படுத்துவது கடினம். அடிமையத்தில் கேப்பு வைத்த தோட்டா என்றால் காலிக் கூட்டைப் பொறுக்கி, கேப்பு மாற்றி, மருந்து கொட்டி, ஈயம் உருக்கி ஊற்றித் திரும்ப ஓட்டலாம். சமவெளிப் பழங்குடிகள் இதைக் கூடாரத்துக்குள் உட்கார்ந்தே செய்யக் கற்றிருந்தார்கள். 1983இல் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் புல் தீப்பற்றி எரிந்த பின் அகழ்வாய்வு நடந்தது. கிடைத்த கூடுகளையும் குண்டுகளையும் தடயவியல் முறையில் ஆராய்ந்தவர்கள், பழங்குடிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். அத்தனை வகைக்கும் தோட்டா ஒரே கடையில் கிடைக்காது. அவர்களுடைய ஆயுதம் முழுக்க முழுக்க வணிகத்தைச் சார்ந்திருந்தது. வாஷிங்டனுக்கு இது தெரிந்திருந்தது. 1876 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ், பகைமையில் உள்ள பழங்குடிகளுக்கு உலோகத் தோட்டா போய்ச்சேராமல் தடுக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்துத் தீர்மானம் போட்டது. அதே மாதத்தில் இன்னொரு சட்டம்: பிளாக் ஹில்ஸ் மலையை எழுதிக் கொடுக்காவிட்டால் உணவு நிதி கிடையாது.

காட்டெருமையைக் கொல்லும் அதே தோட்டாதான் சிப்பாயையும் கொல்லும். நான் பிழைப்புக்கு எழுதும் நிரல்களில் யாருக்கு எதற்கு அனுமதி என்று முடிவுசெய்யும் பகுதிதான் எப்போதும் தலைவலி. ஒருத்தர் எதற்காகக் கேட்கிறார் என்பது நிரலுக்குத் தெரியாது. எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணத் தெரியும், அவ்வளவுதான். அதனால் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு, நோக்கத்தையே கட்டுப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொள்வோம். வால்ஷும் அதைத்தான் செய்தார். ஆனால் அவருக்கு ஒரு கூடுதல் வசதி இருந்தது: அந்த மனிதர்களின் கூடாரத்துக்கே போய் உட்கார்ந்து பேசினார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுடன், ஆயிரக்கணக்கானோர் இருந்த முகாமுக்குள் குதிரையில் போனார். மொத்தப் போலீஸ் படையே அப்போது 300 பேர்தான். அவரைச் சிலர் விளம்பரப் பிரியர் என்பார்கள். இருக்கலாம்.

வாக்குறுதிக்குப் பெரிய சோதனை 1877 இலையுதிர் காலத்தில் வந்தது. எல்லையிலிருந்து சுமார் 40 மைல் தெற்கே பேர் பா மலையடிவாரத்தில் நெஸ் பெர்ஸ் மக்கள் அமெரிக்கப் படையிடம் சிக்கினார்கள். தப்பியவர்கள், குழந்தைகளும் குண்டடி பட்ட பெண்களுமாக, லகோட்டா முகாமுக்கு வந்து விழுந்தார்கள். இளைஞர்கள் துப்பாக்கியை எடுத்தார்கள். கோட்டைத் தாண்டினால் திரும்பி வர இடமில்லை என்று வால்ஷ் எச்சரித்தார். அவர்கள் போகவில்லை. வாங்கிய தோட்டா வேட்டைக்கு மட்டும்தான் என்ற சொல் காப்பாற்றப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை வெறும் நன்னடத்தை என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த அக்டோபர் 17 அன்று ஜெனரல் டெரி தலைமையில் ஒரு அமெரிக்கக் குழு ஃபோர்ட் வால்ஷ் கோட்டைக்கே வந்து, சரணடைந்தால் மன்னிப்பு என்றது. குதிரையையும் துப்பாக்கியையும் ஒப்படைக்க வேண்டும். சிட்டிங் புல் மறுத்தார். பிறகு போலீஸ் கமிஷனர் மெக்லியட் அவர்களிடம் கனடாவின் நிலையைச் சொன்னார்: மகாராணியிடமிருந்து பாதுகாப்பைத் தவிர எதுவும் கிடைக்காது; உங்கள் ஒரே பிழைப்பு காட்டெருமை; அதுவும் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான். கோட்டுக்கு வடக்கே ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுக்கோ தோட்டா ஒப்பந்த வரியிலேயே இருந்தது. 1874இன் நான்காம் ஒப்பந்தத்தில் மருந்து, குண்டு, வலைக் கயிறு இவற்றுக்கு ஆண்டுக்கு 750 டாலர்; 1876இன் ஆறாம் ஒப்பந்தத்தில் 1500 டாலர். லகோட்டாக்கள் அகதிகள். தோலைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஃபோர்ட் வால்ஷ் கோட்டைக்கும் அதன் கடைகளுக்கும் சரக்கு பெரும்பாலும் மொன்டானாவின் ஃபோர்ட் பென்டனிலிருந்துதான் வந்தது. மிசௌரி ஆற்றில் நீராவிப் படகு, அப்புறம் மாட்டு வண்டி. ஒருபக்கம் அமெரிக்க அரசு பழங்குடிக்குத் தோட்டா போகாமல் தடுக்க, மறுபக்கம் அமெரிக்க வியாபாரியின் வண்டிகள் அதே கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. இன்னொரு வழி மேட்டீக்கள், அதாவது பிரெஞ்சு-பழங்குடிக் கலப்பு மக்கள். அவர்களுடைய மர வண்டிகளுக்கு எல்லை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

காட்டெருமைக்கும் இல்லை. 1879இல் மந்தைகள் வடக்கே வரவில்லை. எல்லையோரம் புல்வெளி எரிந்தது. அமெரிக்கர்கள் வேண்டுமென்றே கொளுத்தினார்கள் என்ற பேச்சு இருந்தது. மெக்லியட் சொன்ன 'சில ஆண்டுகள்' முடிந்துகொண்டிருந்தன. தோட்டா இருந்தவர்களிடமும் சுட எதுவும் இல்லை. இரை தேடித் தெற்கே போனால்? போனார்கள். ஜூலை 17 அன்று மில்க் ஆற்றுப் பக்கம் வேட்டையில் இருந்த சிட்டிங் புல் கூட்டத்தை மைல்ஸின் படை தாக்கி வடக்கே விரட்டியது. தொடர்ந்து தோட்டா விற்கிறார்கள் என்று மேட்டீக்களை நூற்றுக்கணக்கில், வண்டிகளோடு பிடித்தார்கள். வேட்டைக்குப் போன தோட்டா கோட்டைத் தாண்டியதும் போர்த்தோட்டா ஆகிவிட்டது. சுமந்துகொண்டு போனவரின் பசி அதேதான்.

1880 கோடையில் வால்ஷை ஒட்டாவா அங்கிருந்து மாற்றியது. லகோட்டாக்களோடு ரொம்ப நெருக்கம் என்று நினைத்திருப்பார்கள். இருந்த சோற்றைப் பங்கிட்டவர் கடைசியில் லெகாரேதான். 1881இல் அவரே வண்டி பூட்டி அவர்களை ஃபோர்ட் பூஃபோர்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஜூலை 19 அன்று சிட்டிங் புல் இருநூறு பேர்கூட இல்லாத கூட்டத்துடன் போய்ச் சேர்ந்தார். மறுநாள் தன் துப்பாக்கியைத் தன் சின்ன மகன் கையில் கொடுத்து, அவன் வழியாக அதிகாரியிடம் ஒப்படைத்தார். நான்கு ஆண்டுகளில் எந்தப் படையாலும் பிடுங்க முடியாததை வயிறு பிடுங்கியது.

சில குடும்பங்கள் திரும்பவில்லை. வுட் மவுன்டனிலேயே தங்கின. அவர்களுக்கென்று நிலம் 1910இல் தற்காலிகமாகவும், 1930இல்தான் நிரந்தரமாகவும் ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் கனடாவின் ஏடுகளில் அவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த அகதிகளாகவே இருந்தார்கள். 2024 ஜூலை 15 அன்று கனடா அரசு, வுட் மவுன்டன் உட்பட ஒன்பது டகோட்டா, லகோட்டா சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்டு, அவர்களும் இந்த மண்ணின் பழங்குடிகளே என்று ஏற்றுக்கொண்டது. அரசின் சார்பில் அந்த மன்னிப்பைக் கேட்ட அமைச்சர், 1983இல் யாழ்ப்பாணத்துச் சிறுவனாக அகதியாய் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்த ஹரி ஆனந்தசங்கரி.