திட்டிக்கொண்டே பார்ப்பவர்கள்

நேற்றைய எபிசோடு சரியில்லை என்று தெருக்குழாயடியில் இரண்டு பேர் ஆதங்கப்பட்டால் அது வெட்டிப்பேச்சு. அதையே ஒரு நாவலைப் பற்றிச் சொன்னால் விமர்சனம். இந்தப் பாகுபாட்டை நம் வரலாறு ஏற்கவில்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, கதையைச் சட்டென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அதை எழுதிய கல்கி அந்தக் குறையை ஒதுக்கித் தள்ளவில்லை. முடிவுரை ஒன்றை எழுதினார். முழுக் கற்பனைக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் முடிவு ஒன்றுபோல் அமையாது என்று வாதாடினார். பாத்திரங்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னார். வாராவாரம் காத்திருந்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டென்று அன்றைய புகழ்பெற்ற எழுத்தாளரே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

தொடர்கதை தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த உரிமை கைமாறவில்லை. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’, இரவு நேரத்தைச் சீரியலுக்கு எழுதி வைத்தது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ரேஷன் அட்டை வழியாக 1.5 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. உதாரணத்துக்கு மாதவரம்: அது அப்போது திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. 2011-இல்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவின் பால் பண்ணை, பக்கத்து மணலியின் சுத்திகரிப்பு ஆலை என்று ஷிப்ட் கணக்கில் ஓடும் இந்த வட்டாரம் போன்ற இடங்களில்தான் சீரியலின் பெரும் சபை உருவானது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழகாத சபை. அதன் கருத்தை யாரும் கேட்கவில்லை, எண்ணிக்கையை மட்டும் எடுத்தார்கள். இன்று நாடு முழுவதும் அரை லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் இருக்கும் கருவிகளைக் கொண்டு, பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு டி.ஆர்.பி. சொல்கிறது. பெட்டி போடப்பட்டிருக்கிறதா, எந்தச் சேனல் ஓடுகிறது, யார் பார்க்கிறார் என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். ‘என்னத்த எடுக்கறானுங்க’ என்று தலையில் அடித்துக்கொண்டவரும் அதில் ரசிகரே.

‘எதிர்நீச்சல்’ கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2022 பிப்ரவரியில் திருச்செல்வம் இயக்கத்தில் தொடங்கிய இத்தொடர், படித்த மருமகள்கள் வீட்டுத் தலைவர் ஆதி குணசேகரனின் அடுப்படியிலிருந்து மீள்வார்கள் என்று வாக்குக் கொடுத்தது. 2023 செப்டம்பர் 8 அன்று, டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து, குணசேகரனாக நடித்த மாரிமுத்து காலமானார். அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ‘இந்தாம்மா ஏய்’ என்று அதட்டிய குரலை மறக்க முடியாதவர்கள் ஏமாற்றத்தைச் சொன்னார்கள். இறப்புக்கு யாரைக் குறை சொல்வது, புதியவர் பாவம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், வேல ராமமூர்த்திமேல் விழுந்த வசவுகளில் பல அநியாயமானவை. ஆனால் மனக்குறை அதோடு நிற்கவில்லை. மருமகள்களில் நந்தினி சமையலைத் தொழிலாக்கினாலும் ரேணுகா நடனத்தைக் கையில் எடுத்தாலும், ஓரடி வைத்ததும் கூடத்தில் ஒரு சண்டை. ஒருவர் கை ஓங்குவார். கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும், பின்னணி இசை அதிரும், ‘தொடரும்’. மறுநாள் அதே கை, அதே முகங்கள். கொடுத்த வாக்கைக் கதையே காப்பாற்றவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. கதையின் அடிப்படையைப் புரிந்துகொண்டவர் மட்டுமே வைக்கக்கூடிய குற்றச்சாட்டு இது.

பிடிக்காவிட்டால் சேனலை மாற்றலாமே என்பது அடுத்த வாதம். இரண்டு வருடம் தினம் அரை மணி நேரம் கொடுத்தவரிடம் இதைச் சொல்வது எளிது. பாத்திரங்களின் கதி தெரியாமல் எழுந்து போவது, கல்கியின் வாசகர் நாலாம் பாகத்தோடு இதழை நிறுத்துவதற்குச் சமம். அப்படியே விலகினாலும் டி.ஆர்.பி. இறங்கியது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. காரணம் தெரியாத தயாரிப்பாளர் இன்னொரு கடத்தலையோ கல்யாணத்தையோ சேர்ப்பார். குறை அப்படியே இருக்கும். ‘எதிர்நீச்சல்’ 2024 ஜூனில் முடிந்தது. மருமகள்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லையே என்று அப்போதும் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது. முடிவுரை மட்டும் வரவில்லை.